சிங்க் அண்ணையின் மூலமும் பிரதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கைமணிக்கூட்டோடு வாய்த்தர்க்கம் செய்து, அதில் தோற்று, மறுநாள் காலை அதே மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்த ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கைச் சிங்க் அண்ணைதான். அப்படி இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். இருக்க மாட்டார்.

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவால் போகும் ஒழுங்கை எங்களுடையது. அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய வேலை ஒப்புநோக்குதல். ஒருவர் மூலப் பத்திரத்தை வாசிப்பார், இவர் பிரதியில் கண்ணை வைத்திருப்பார். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிரதி திரும்பிப் போய்விடும். இப்படியே தலை நரைத்தவருக்கு ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒரு மணிக்கூட்டை அனுப்பிவைத்தாள். நடை, நித்திரை, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் எண்ணுகிற மணிக்கூடு.

மனைவி போனபின் அவர் தனியாகத்தான் இருக்கிறார். "காலமை எழும்பினவுடனை அப்பா நடந்திட்டார் எண்டு ஃபோனிலை கண்டால்தான் எனக்குத் தேத்தண்ணி தொண்டையாலை இறங்கும்" என்று மகள் சொல்லியிருந்தாளாம். ஆகவே அந்த எண் ரொறன்ரோவுக்குப் போயே ஆகவேண்டும்.

அது போகிற வழிதான் சிக்கல். மணிக்கூடு எண்ணுவதை முதலில் மணிக்கூட்டுக் கம்பனியின் செயலி வாங்கும். அது ஃபோனில் உள்ள வேறொரு சுகாதாரச் செயலிக்குக் கொடுக்கும். மகளுக்குத் தெரிவது இந்த இரண்டாவது செயலிதான். சிங்க் அண்ணை இவற்றுக்குத் தன் கச்சேரிப் பாஷையில் பெயர் வைத்தார். மணிக்கூடு மூலம். செயலிகள் முதற்பிரதி, இரண்டாம் பிரதி. மூலமும் பிரதிகளும் ஒருநாளும் ஒத்துவரவில்லை; ஃபோன் பாஷையில் சொன்னால், சிங்க் ஆகவில்லை. தோட்டத்தைச் சுற்றி அரைமணித்தியாலம் நடந்துவிட்டு வருவார். மூலத்தில் ஒரு எண் இருக்கும், முதற்பிரதியில் அதைவிடக் குறைவு, இரண்டாம் பிரதியில் அதைப்போல இரண்டு மடங்கு. மணிக்கூடு ஒருதரமும் சட்டைப்பையில் இருந்த ஃபோன் இன்னொருதரமும் எண்ணியிருக்கும்.

"எப்பிடி அண்ணை சுகம்?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"என்ன சுகம்? இன்னும் சிங்க் ஆகேல்லை."

அந்தப் பெயர் அப்படி ஒட்டியது. அதனால் வந்த வினைகளில் முதலாவது, ஒழுங்கை முடிவில் புதிதாகக் குடிவந்த ஆசிரியை ஒருத்தி. குசினியில் பாத்திரம் கழுவுகிற சிங்க் அடைத்துவிட்டது. யாரையோ விசாரித்திருக்கிறாள், "சிங்க் அண்ணை எண்டு ஒராள் இருக்கிறார்" என்று காட்டிவிட்டிருக்கிறார்கள். அண்ணை வீட்டுப் படலையில் வந்து நின்றாள். நான் பக்கத்தில் என் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றதால் முழுவதும் கேட்டேன்.

"ஐயா, எங்கடை சிங்க் வேலை செய்யுதில்லை."

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. உலகத்தில் தனக்கு மட்டும்தான் இந்தத் துன்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்.

"எவ்வளவு காலமா பிள்ளை?"

"ரெண்டு மூண்டு நாளா. எல்லாம் மேலை நிக்குது, ஒண்டும் கீழை இறங்குதில்லை."

"அதேதான்! எனக்கும் அதேதான்! மேலை நிக்கும், இறங்காது. ஒருக்கா முழுசாக் கழட்டிப்போட்டுத் திரும்பப் பூட்டிப் பாத்தியளோ?"

"எனக்குக் கழட்டத் தெரியாது ஐயா. நீங்கள் வந்து..."

"நானும் நாலுதரம் கழட்டிப் பூட்டினனான். பிரயோசனமில்லை. உங்கடை ரொறன்ரோவுக்குப் போறதோ, லண்டனுக்குப் போறதோ?"

"கிணத்தடி வாழைக்குப் போறது ஐயா" என்றாள் அந்தப் பிள்ளை.

பிறகொரு காலம் இரண்டாம் பிரதி ரொறன்ரோ நேரத்துக்கு மாறிக்கொண்டது. மகள் பதறி அழைத்தாள். "அப்பா, ஏன் நடுச்சாமத்திலை தோட்டத்தைச் சுத்துறியள்? நித்திரையிலை நடக்கிறியளோ?" இவர் பட்டப்பகலில்தான் நடந்தார். ஆனால் பிரதியில் எழுதியிருப்பதை முற்றாக மறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் முன்கதவைப் பூட்டித் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

கடைசியில் பிழை மூலத்திலா பிரதியிலா என்று கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை செய்தார். நல்ல மொத்தமான கப்பல் வாழைப்பழம் ஒன்றில் மணிக்கூட்டைக் கட்டி எங்கள் மேசையில் வைத்தார். சற்று நேரத்தில் அது வாழைப்பழத்தின் இதயத் துடிப்பைக் காட்டியது. நல்ல ஆரோக்கியமான துடிப்பு. அந்த மணிக்கூட்டின் மானம் அன்றோடு போயிற்று. அடுத்த நாள் ஒழுங்கைப் பொடியன்கள் "அண்ணை, குலை வெட்டப்போறம், ஒருக்கா நாடி பிடிச்சுச் சொல்லுங்கோ" என்று கேலி செய்தார்கள்.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அபி, உயர்தரம் படிக்கிறவள். சில மாதங்களாக, இருந்தாற்போல நெஞ்சு படபடக்குது என்பாள். முகம் வெளிறிப்போகும். வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்வதற்கிடையில் எல்லாம் அடங்கிவிடும். இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இசிஜியிலும் ஒன்றுமில்லை. பரீட்சைப் பயமாக இருக்கும் என்றார்கள். நான் பயந்த சுபாவம் என்பது ஊரறிந்தது. பிள்ளை மழையில் நனைந்தால் எனக்குக் காய்ச்சல் வரும். மன்னாரில் வேலை பார்க்கிற என் கணவர் ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்வார், "நீர் பயந்து பிள்ளையையும் பயப்படுத்துறீர்." அதனால் நான் சொல்வதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. நானும் வாழைப்பழத்துக்கு நாடி காட்டிய அந்த மணிக்கூடும் நம்பிக்கை விஷயத்தில் ஒரே இடத்தில்தான் நின்றோம்.

அன்று பின்னேரம் அண்ணை வழக்கம்போல ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை அபி, உவன் இரண்டாம் பிரதி திரும்ப அனுமதி கேக்கிறான். எத்தினைதரம் அனுமதி குடுக்கிறது? கலியாணத்துக்குக்கூட நான் ஒருக்காத்தான் சம்மதம் கேட்டனான்."

அபி சிரித்துக்கொண்டே மணிக்கூட்டை வாங்கித் தன் கையில் கட்டி, ஃபோனில் எதையெதையோ அழுத்தினாள். "எல்லாத்துக்கும் ஓம் எண்டு குடுத்திருக்கிறன் மாமா. இனி வரும்" என்றாள். அப்படியே கதிரையில் சாய்ந்தாள். கை கழுத்தடிக்குப் போனது.

"அம்மா, திரும்ப வருது."

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அண்ணைக்கு அது விளங்கவில்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். விரலால் தள்ளி மற்றச் செயலியையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

"ஒத்துவந்திட்டுது! தங்கச்சி, மூண்டும் ஒத்துவந்திட்டுது! மூலத்திலை நூற்றித் தொண்ணூறு, முதற்பிரதியிலை நூற்றித் தொண்ணூறு, இரண்டாம் பிரதியிலை..."

அங்கேதான் நின்றார். அபியின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். தூக்கிய கை மெல்ல இறங்கியது.

"தங்கச்சி, ஓட்டோவுக்கு அடியுங்கோ."

எப்போதும் முதலில் பயப்படுகிற எனக்கு அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. "அண்ணை, உது வாழைப்பழத்துக்கும் காட்டினதுதானே..."

"வாழைப்பழத்துக்கு மூலத்திலை மட்டும்தான் காட்டினது. பிரதியள் ரெண்டும் வெறுமையாக் கிடந்தது. இப்ப மூண்டிலையும் இருக்கு. மூண்டிலையும் ஒண்டு இருந்தால் அது உண்மை. எழும்புங்கோ!"

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். ஓட்டோவில் அவர் முன்னால் சாரதியின் அரை இருக்கையில் தொங்கியபடி, பின்பக்கம் திரும்பி வழிமுழுக்க எண்ணை வாசித்துக்கொண்டு வந்தார். கச்சேரியில் மூலப் பத்திரம் வாசிப்பவரின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். அபி என் மடியில் கிடந்தாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு குருவிக்குஞ்சின் நெஞ்சுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயதுப் பெண் வைத்தியர் ஒருவர் ஓடிவந்தார். அண்ணை குறுக்கே போய் நின்று, ஃபோனை நீட்டி, ஒரே மூச்சில் சொன்னார்.

"டொக்டர், மூலம் சரியா இருக்கு. மூலத்திலை பிழையில்லை. நான் திரும்பத் திரும்பப் பாத்தனான்."

"நல்லது ஐயா. முதல்லை பிள்ளையைப் பாப்பம். உங்கடை மூலத்தைப் பிறகு பாப்பம்."

அந்த நிலையிலும் அபிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டுதான் எனக்கு மூச்சு வந்தது.

இம்முறை படபடப்பு அடங்குமுன் வந்துவிட்டோம். இசிஜி அதைக் கையும்களவுமாகப் பிடித்தது. பிறக்கும்போதே இதயத்துக்குள் மின்சாரம் போக ஒரு பாதை கூடுதலாக இருந்திருக்கிறதாம். இடைக்கிடை துடிப்பு அந்தக் குறுக்குப் பாதையால் சுற்றத் தொடங்கிவிடுமாம். ஊசி போட்டார்கள். என் கண் முன்னாலேயே எண் இறங்கியது.

அதே நேரம் அண்ணையின் ஃபோன் அடித்தது. ரொறன்ரோவில் விடிந்திருந்தது. மகள் எழும்பித் தேத்தண்ணிக்கு முன் அப்பாவின் எண்ணைப் பார்த்திருக்கிறாள். எத்தனையோ மாதப் போராட்டத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சுத்தமாகச் சிங்க் ஆனது அன்றுதான். அவள் கண்டது நூற்றித் தொண்ணூறு.

"அப்பா! அப்பா, இருங்கோ! அசையாதேங்கோ! நெஞ்சு நோகுதோ?"

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. நான் நிண்டுகொண்டுதான் கதைக்கிறன்."

"அப்ப உது ஆற்றை இதயம்?"

அண்ணை கட்டிலைப் பார்த்தார். "எங்கடை பிள்ளையின்ரை" என்றார். ஃபோனை என்னிடம் தந்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார். இரண்டு பெண்கள், முகம் பார்த்தறியாதவர்கள், நானும் அவளும் ஃபோனின் இரு பக்கமும் இருந்து அழுதோம்.

அடுத்த நாள் வைத்தியர் அண்ணையிடம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிரதிகள் இரண்டும் மூலத்தைப் பார்த்து எழுதுகிறவைதானே, மூன்றும் ஒத்துவந்ததால் எண் சரி என்று ஆகாது, மூலம் பிழையென்றால் மூன்றுமே பிழையாகத்தான் ஒத்துவரும், ஆனாலும் உடனே கொண்டுவந்தது மிக நல்ல காரியம் என்றார். அண்ணை வாடிப்போனார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"அப்ப ஒத்துவந்தது காரணமில்லையோ தங்கச்சி?"

"அந்த டொக்டர்ப் பிள்ளைக்குக் கச்சேரி வேலை தெரியாது அண்ணை" என்றேன். முகம் தெளிந்துவிட்டது.

கொழும்பில் தொடைவழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு அந்தக் குறுக்குப் பாதையை அடைத்தார்கள். அதுவரையும், பிறகு சில வாரங்களும், மணிக்கூடு அபியின் கையிலேயே இருக்கட்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். இப்போது அபி நன்றாக இருக்கிறாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் படியில் வேகமாக ஏறினால் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். பயம் போக நாளாகும் போலிருக்கிறது. ஆனால் பயப்படுவதற்கு என் பிள்ளை என் முன்னால் நடமாடுகிறாள். அந்தப் பயத்துக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

போன கிழமை அபி மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணையின் செயலியில் ஒரே குழப்பம். அவருடைய துடிப்பும் அவளுடைய துடிப்பும் ஒரே பெயரின் கீழ் கலந்து கிடந்தன. எழுபதைத் தாண்டியவரின் இதயம் சில கிழமை பதினெட்டு வயதுக்காரியுடையதுபோல ஓடியிருந்தது.

"மாமா, நான் கட்டியிருந்த நாளெல்லாத்தையும் அழிச்சுவிடட்டே? இல்லாட்டி உங்கடை கணக்கு முழுக்கப் பிழையா வரும்" என்று கேட்டாள் அபி.

காற்புள்ளி ஒன்றுக்காகப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர் ஃபோனை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. கலந்தபடி கிடக்கட்டும்."