திருமலையைக் காணோம்

பெயரைத் தவிர வேறொன்றும் சம்பாதிக்காத, அந்தப் பெயரையும் தாங்களாகச் சம்பாதிக்காத ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருத்தணி மலையடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த திருமலை அதில் முதல் தரம்.

சொம்பு வாங்க வந்தவரை நிற்க வைத்து, மதுரையில் மகால் கட்டிய ராஜாவுக்கும் தன் பெயர்தான், பெருமாள் குடியிருக்கும் ஊருக்கும் தன் பெயர்தான் என்று, ராஜாவும் ஊரும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது போல மீசையைத் தடவியபடி சொல்லி, அப்பேர்ப்பட்டவரிடம் பேரம் பேசலாமா என்று முடிப்பார். சொம்பு ஒழுகுமா? ஒழுகும்.

புருஷன் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். இவர் வீட்டில் மகளும் சொல்லக் கூடாது, அந்த ராஜாவையும் சொல்லக் கூடாது, ஊரையும் சொல்லக் கூடாது. மனைவி மனோரமா பெருமாளுக்கு வேண்டிக்கொள்ளும்போதுகூட, 'மேல இருக்கிற ஊரு சாமி' என்பாள். பெருமாள் அனுசரித்துக்கொண்டார்.

யுத்தத்தால் ரயில்களைக் குறைத்திருந்த வருஷம். பெரம்பூரில் மாப்பிள்ளை வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் பெண்ணின் அப்பா வேண்டும். அரக்கோணத்தில் வண்டி மாறியபோது, மனைவியையும் மகளையும் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டுக் காபி குடிக்கப் போனவர், பெஞ்சில் யாரோ அகப்பட்டதும் மகால் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வண்டி புறப்படப் போகிறது. அடுத்தது சாயங்காலம்தான். மனோரமா ஜன்னல் வழியாகப் போர்ட்டர் தேசப்பனைப் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்காரரைக் காணோம்ப்பா. கொஞ்சம் கூப்புடேன்."

"பேரு இன்னாம்மா?"

"அத்த நான் எப்படிச் சொல்றது? மதுரையில ஒரு ராஜா இருந்தாரே..."

"ஆங்" என்று ஓடிய தேசப்பன், "பாண்டியன், பாண்டியன்" என்று கூவிவிட்டுத் திரும்பினான். மலைமேல் சாமி இருக்கிற ஊர் என்றாள் மனோரமா. இந்தப் பக்கத்தில் அது எந்த ஊர்? திருத்தணி. "தணிகாசலம், தணிகாசலம்" என்று பிளாட்பாரம் முழுக்கக் கூவினான்.

திருமலை இரண்டையும் கேட்டார்.

"பாத்தீங்களா? தொலைஞ்சி போறவனுங்க பேரெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றார் பெஞ்சுக்காரரிடம்.

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். மனோரமா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு,

"திருமலை!"

முன்னால் ஒரு மரியாதை இல்லை, பின்னால் ஒரு 'ங்க' இல்லை. மொட்டைப் பெயர். பிளாட்பாரமே திரும்பியது. திருமலை எழுந்தார். நாலு எட்டு ஓடினால் வண்டி. ஓடினாரா? என் பெயரை, இத்தனை பேர் நடுவில், இவளா என்று திகைத்து, எழுந்த இடத்திலேயே நின்றார். திகைப்புத் தீர்வதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

பெரம்பூர்வாசியான மனோரமாவின் அண்ணன் கண்ணையன் தட்டு மாற்றினார். கண்ணையன் என்ற பெயரில் எந்த ராஜாவும் மகால் கட்டியதில்லை. நிச்சயதார்த்தம் குறையில்லாமல் நடந்தது.

பெயர் என்பது பிறர் நம்மைக் கூப்பிடுவதற்காக ஏற்பட்டது. இதை மறந்தவர் திருமலை ஒருவர்தானா? அடுத்த தடவை உங்களை யாராவது அவசரமாகக் கூப்பிட்டால், ஓடுகிறீர்களா, 'எப்படிக் கூப்பிட்டான் பார்' என்று நிற்கிறீர்களா என்று கவனியுங்கள். நின்றால் வருத்தப்பட வேண்டாம். அரக்கோணத்தில் அந்தப் பெஞ்சு நீளமானது.