எட்டு ஆர் அளவில் அடங்காத பெரியப்பா

‘நான் பார்த்துக்கிறேன்’ என்று சட்டென்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இருபத்திரண்டு வயதில் நான் அந்த வார்த்தையைச் சொல்லாத நாளே கிடையாது. கணினியில் ஒரு டிப்ளோமா முடித்து, சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் யாருடைய கைப்பேசி நின்றுபோனாலும் என்னிடம்தான் வரும். (பாதி நேரம் சார்ஜ் இல்லாததுதான் கோளாறு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.) இந்தப் பெருமையோடுதான் அக்காவின் கல்யாணப் படத்தில் கை வைத்தேன்.

படத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் அப்பாவின் அண்ணன் தம்பியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அப்பா நடுப்பிள்ளை. பகாவ் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா அதே தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்று, பகாவ் டவுனுக்குக் குடிபோய்விட்டார். சித்தப்பா மந்தினில் இருந்தார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டத்தை முதலில் யார் தலையில் கட்டுவது என்று பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்த தகராறில், பதினோரு வருஷமாகப் பேச்சே கிடையாது. (குழம்பிப்போன பூசாரி கடைசியில் மூன்றாவது ஆள் ஒருவர் தலையில் கட்டிவிட்டார். அந்தக் கோபத்தைக்கூட இருவரும் தனித்தனியாகத்தான் பட்டார்கள்.)

விசேஷம் என்றால் இருவரும் தவறாமல் வருவார்கள். ஆனால் படம் எடுக்க ஒருவர் நின்றால் மற்றவர் கை கழுவப் போய்விடுவார். வீட்டில் எத்தனையோ ஆல்பம் இருந்தும், மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு அது தீராத குறை. “செத்த பெறகு மாட்டுறதுக்கு ஆளுக்கொரு படம் இருக்கு. உயிரோட இருக்கும்போது மாட்டுறதுக்கு மூணு பேரும் சேந்த படம் ஒண்ணு வேணும் லா” என்பார்.

அக்கா கல்யாணத்தில் அப்பா இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சினார். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். பெரியப்பா வரிசையின் இந்தக் கோடியில் நிற்பார், சித்தப்பா அந்தக் கோடியில் நிற்பார். நடுவில் பெண், மாப்பிள்ளை, அப்பா, அம்மா, நான், மாமா, சம்பந்தி வீட்டார் என்று பதினாலு பேர். படக்காரர் பின்னால் நகர்ந்து நகர்ந்து, வாசல்படியைத் தாண்டிய பிறகுதான் எல்லாரும் கேமராவுக்குள் அடங்கினார்கள். அப்பா அன்று சாப்பிடக்கூட மறந்து சிரித்துக்கொண்டே திரிந்தார்.

படக்காரர் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, பெரிதாகப் போடவேண்டுமானால் தன்னிடமே கொண்டுவரச் சொன்னார். நான் பார்த்துக்கிறேன் என்றேன்.

மூன்று வீட்டுக்கும் ஒன்று என்று அப்பா ஏற்கெனவே மூன்று கண்ணாடிச் சட்டங்கள் வாங்கி வைத்திருந்தார். மூன்றும் எட்டு ஆர். அதாவது எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம். கேமராவில் விழுந்த படமோ நீளமானது. எட்டு அங்குல உயரத்தில் போட்டால் பன்னிரண்டு அங்குல அகலம் கேட்கும். ஆக இரண்டு அங்குலம் எங்கேயாவது போயாகவேண்டும். டிப்ளோமாவில் இந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்பில் இருந்தேனா என்பதே எனக்குச் சந்தேகம்.

பகாவில் படம் அச்சடிக்கும் கடையில் ஒரு சீன அங்கிள் இருந்தார். திரையில் என் படத்தின்மேல் ஒரு கட்டம் வந்து உட்கார்ந்தது. படத்தை முழுதாகப் போட்டு மேலும் கீழும் வெள்ளை விடலாம், இல்லையென்றால் கட்டத்தை நிரப்பிவிட்டு ஓரங்களை வெட்டலாம். வெள்ளை விடுவது விவரம் தெரியாதவர்கள் வேலை என்று எனக்குத் தோன்றியது. கட்டத்தை நிரப்பச் சொன்னேன். அங்கிள் திரையைத் தட்டிக் காட்டி, “அடே, தெப்பி கெனா போத்தோங் லா. போலே?” என்று மலாயில் கேட்டார். ஓரம் வெட்டுப்படுமே, பரவாயில்லையா என்று கேட்கிறார் அந்த நல்ல மனுஷன். நான் “போலே, போலே” என்றேன்.

அப்போது நான் கட்டத்துக்குள் என்ன பார்த்தேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முகத்தைப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டி, கண்ணை மூடாமல் நான் விழுந்த முதல் படம் அது.

கடையிலேயே சட்டத்தில் போட்டு, வண்ணத்தாள் சுற்றி வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அப்பா முதலில் அண்ணன் வீட்டிலும், அப்புறம் மந்தின் வரைக்கும் போய்த் தம்பி வீட்டிலும், மகள் போட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுப் படத்தை, சுவரில் சாயம் காயட்டும் என்று அம்மா பிரிக்காமலே வைத்திருந்தார்.

மறுநாள் காலை பெரியப்பா வந்தார். கையில் சட்டம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. “நிக்க வச்சு வெட்டி எறியிறதுக்கா என்னைக் கூப்புட்ட?” என்று அப்பாவைக் கேட்டார். தம்பிக்காரன் சொல்லித்தான் இது நடந்திருக்கிறது என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தார். வரிசையின் கோடியில் எங்கள் மாமா நின்றார். அவர் தோளில் மோதிரம் போட்ட ஒரு கை இருந்தது. கைக்குரிய ஆளைக் காணோம்.

அதே நேரம் வாசலில் சித்தப்பாவின் கார் வந்து நின்றது. அவர் கையிலும் ஒரு சட்டம்.

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பதினோரு வருஷமாக இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கி, உறவு அறுந்துவிடாமல் காத்தவர் அப்பா. என் ஒரு ‘போலே’யால் அண்ணனையும் தம்பியையும் ஒரே காலையில் இழக்கப்போகிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா அண்ணனைப் பார்க்காமல் அப்பாவிடமே நியாயம் கேட்டார். பெரியவரை வைத்துக்கொண்டு தன்னை நீக்கிவிட்டீர்கள், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். தன் முகம் இல்லாத கோபத்தில் இருவருமே மறுகோடியைப் பார்த்திருக்கவில்லை. அப்பா அவர் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“ஒன்னையுமாடா வெட்டிட்டா?”

சித்தப்பா எட்டி, படத்தில் தன் கோடியைத் தொட்டுக் காட்டினார். “வயிறு மட்டும் இருக்குண்ணே” என்றார்.

“எனக்குக் கை மட்டும்தான்.”

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றும் தகராறு இருக்கிறது. சிரித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மற்றவர் விட்ட இடத்திலிருந்து தொடர, அரைமணி நேரம் என்னைத் திட்டினார்கள். அப்பா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, தேநீர் வேண்டும் வேண்டும் என்று அம்மாவை விரட்டிக்கொண்டிருந்தார். சமாதானத்துக்கு நான் கைப்பேசியை எடுத்து, மூன்று பேரையும் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவ எடுக்கவேண்டாம் என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

நாலு வருஷம் கழித்து என் கல்யாணம். படக்காரர் வரிசையாக நிற்கச் சொன்னதும் பெரியப்பாவும் சித்தப்பாவும் நேராக நடுவுக்கு வந்துவிட்டார்கள். ஓரத்தில் நின்றால் வெட்டிவிடுவாள் என்று காரணமும் சொன்னார்கள். அப்பாவை இழுத்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்து நகர்ந்து, கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோடிக்கு வந்து சேர்ந்தோம்.

இந்த முறை யாரையும் நம்பாமல் அப்பாவே கடைக்குப் போய் அச்சடித்து வந்தார். எட்டு ஆர்தான். இன்றும் அது கூடத்தில் தொங்குகிறது. நடுவில் மூன்று பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் என் முகம் பாதி. எனக்குப் பக்கத்தில் என் கணவர் நின்ற இடத்தில் ஒரு மாலையின் விளிம்பு மட்டும் தெரிகிறது. புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா அந்த மாலையைத் தொட்டுக் காட்டி, இதுதான் எங்கள் சின்ன மருமகன் என்று அறிமுகப்படுத்துவார்.

என் கணவர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், “மாமா, இதுல நான் இல்லையே” என்று மெதுவாகக் கேட்டார். அப்பா தோள்துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“மூணு பேரும் இருக்கோம்ல மாப்ள.”