பதினொன்றே முக்கால் அஞ்சலி

கால் நகரவில்லை. மெதோடி அதைக் கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். சதுக்கத்து வீரர் சிலைக்கு முன்னால், ஒன்பது பியோனிப் பூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். சிலைக்கு நேர் பின்னால் தெரு. தெருவைத் தாண்டினால் மருந்துக்கடை. உள்ளே நெவேனா.

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு அவள் கடையை அடைப்பாள். அங்கே வேலையும் இன்றோடு முடிகிறது. சாயங்கால பஸ்ஸில் வர்னா நகரத்திலுள்ள அக்கா வீட்டுக்கே போய்விடுகிறாள்.

மெதோடி நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய மருந்துக்கடை மீட்டரை ஒரு வருஷமாக வாரம் இரண்டு முறை பார்க்கிறார். பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். மனுஷனுக்கு அதற்குமேல் பேச்சு வராது.

கடையை வெறித்துப் பார்ப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று சிலையைப் பார்த்துத் தலை குனிந்தார். அங்கேதான் வந்தது வினை.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். ரொட்டிக்கடை கிரூம், மாவு ஒட்டிய கையோடு வந்து நின்று தலையைக் குனிந்தான். அவனுக்குப் பக்கத்தில் ராட்கா டீச்சர், மெதோடிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குப் பின்னால் தபால்காரர், சலூன்காரர், சலூனில் பாதி முடி வெட்டியிருந்த ஒருவர்.

மெதோடிக்குப் புரிந்துவிட்டது. இன்று ஜூன் இரண்டு. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். விடுதலைக்காக உயிர்விட்டவர்களை நினைத்து நாடே நின்ற இடத்தில் நிற்கும். பூவும் கையுமாய் இவர் நிற்பதைப் பார்த்து ஜனங்கள் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"கிரூம், சங்கு பன்னெண்டுக்குத்தாம்ப்பா" என்று கிசுகிசுத்தார்.

"தெரியும்ணே. முன்னாடியே வந்து நின்னா குத்தமா?"

மெதோடி நைசாக இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். மொத்தக் கூட்டமும் இரண்டடி நகர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர, அறுபது எழுபது பேர் ஆகிவிட்டார்கள்.

"எனக்கு ஒரு மீட்டர் பாக்கணும், வந்துடறேன்" என்று நழுவப் பார்த்தார். கிரூமின் கை தோளில் விழுந்தது.

"இன்னிக்குப் போய் ஓடலாமாண்ணே? அசிங்கம்."

"நிமிந்து நில்லுடா மெதோடி," என்றார் ராட்கா டீச்சர். "ஒரு வருஷமா இந்த நாளுக்குத்தானே காத்திருக்கோம்."

டீச்சரின் தேசபக்தி மெதோடிக்குத் தெரியும். நிமிர்ந்து நின்றார்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். கிரூம் பொறுமையிழந்து முதுகில் இடித்தான். "பூவைக் கட்டிப்பிடிச்சுட்டே நிப்பீங்களா? கொண்டுபோய்க் குடுங்கண்ணே."

எழுபது ஜோடிக் கண்கள். மறுக்க முடியுமா? ஆனால் ஒன்பது ஒற்றைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்கானது. இறந்தவர்களுக்கு இரட்டைப்படைதான் வைக்க வேண்டும். ஒரு பூவை உருவிக்கொண்டு, மீதி எட்டையும் சிலையின் காலடியில் பயபக்தியோடு வைத்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரிய முனகல் எழுந்தது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பூவைத் தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று மெதோடி குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது நெவேனா கடைக்கு வெளியே வந்து ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி இறங்கியிருந்தது. அப்போது சங்கு ஊதியது.

பஸ் நின்றது. சைக்கிள் நின்றது. ஷட்டரைப் பிடித்த கையோடு நெவேனா நின்றாள். அந்த ஓலத்தில் மெதோடிக்கு வழக்கம்போல் உயிர்விட்டவர்களின் நினைவு வந்தது. சின்னச் சின்னப் பையன்கள். திரும்பப் போக மாட்டோம் என்று தெரிந்தே தான்யூப் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். தனக்கு ஒரு தெருவைக் கடக்கத் துப்பில்லையே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்த இரண்டு நிமிடமும் எதிரெதிரே நின்று, முதல்முறையாக, மீட்டரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

சங்கு ஓய்ந்தது. கால் நகர்ந்தது, தெருவைத் தாண்டியது.

"நெவேனா, ஒம்பது வாங்கினேன். எப்படியோ ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு."

"ஒண்ணும் ஒற்றைப்படைதானே," என்றாள் அவள்.

"போகாதீங்க. என்னோடவே இருந்துடுங்க. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல."

அவள் பூவை வாங்கிக்கொண்டாள். பாதியில் நின்ற ஷட்டரை மேலே தள்ளினாள். "வர்னாவுல வாரத்துக்கு ரெண்டு தடவை மீட்டர் பாக்க யார் வருவாங்க? உள்ள வாங்க, காபி போடறேன்."

பின்னால் கைதட்டல் கேட்டது. அப்போதுதான் மெதோடிக்குக் கூட்டத்தின் நினைவு வந்தது. காதுவரை சிவந்து திரும்பினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். அஞ்சலி செலுத்த வந்த இடத்துல நான் என் சொந்தக் கதையை..."

ராட்கா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சலிக்குப் பன்னெண்டு மணி போதுண்டா மடையா. பதினொண்ணே முக்கால்லேருந்து நாங்க நின்னது, நீ இந்தத் தெருவைத் தாண்டுவியான்னு பாக்கத்தான்."