பதினேழாம் பிரிவும் சுட்ட பன்றியும்

கடுமைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் செர்பியாவில் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். லஞ்சச் செய்தி ஒன்று காதில் விழுந்தால் போதும், காப்பிக்கடை மேசையில் ஓங்கிக் குத்துவார், "சட்டத்தை இறுக்கணும்" என்பார், எதிரே இருப்பவர் தலையாட்டினாலும் விடாமல் "இன்னும் இறுக்கணும்" என்பார். எவ்வளவு இறுக்குவது? அடுத்தவர் கழுத்து அளவுக்கு.

எங்கள் ஊர் நீதித்துறை அலுவலகத் தலைவர் விதோமிர் அந்த இனத்தில் முதல் தரம். துறையைச் சீர்திருத்தும் மசோதாவுக்குக் கருத்துக் கேட்க ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். வழக்கு உள்ளவர்களை அதிகாரிகள் வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்றது பதினேழாம் பிரிவு. விதோமிர் துள்ளி எழுந்தார்.

"அழைக்கக் கூடாதாம்! வாசப்படியே மிதிக்கக் கூடாதுன்னு எழுதுங்கய்யா! மசோதா நிறைவேறட்டும்னு நான் காத்திருக்க மாட்டேன். என் வீட்டுல இன்னைக்கே அமல்!"

மன்றம் அதிரக் கைதட்டல். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பரில் தேவதூதர் மிக்கேல் நாள் வந்தது. அது விதோமிர் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குலப் புனிதர் திருநாள். எங்கள் பக்கம் ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, ஊரே தானாக வரும். வராவிட்டால் வீட்டுக்காரருக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை. பாதிரியார் வந்தார், திருநாள் ரொட்டியை வெட்டினார், ஒரு மிடறு ரக்கியா என்ற பழச்சாராயம் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினார். அப்புறம் ஒரு ஈ காக்கை இல்லை. சுட்ட பன்றி முழுசாகக் கிடந்தது.

"வருவாங்க" என்றார் விதோமிர்.

"யாரு வருவா? இந்த ஊர்ல வழக்கில்லாதவன் யாருங்க?" என்றாள் மனைவி தேசங்கா. "என் தம்பியே கிணத்துக்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்கறான்!"

நிற்க இடமில்லாமல் நிறைந்த கூடம் அது, அவர் தகப்பன் காலத்தில். விதோமிர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குவோஸ்தென் மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா அங்கயே நிக்கறே?"

"வேலி வழக்கு இருக்கேண்ணே. படி மிதிக்கலாமா?"

"அட, உள்ள வாப்பா!"

"ஐயோ, அழைக்கவும் கூடாதேண்ணே! பதினேழாம் பிரிவு!"

வேலிக்குப் பின்னால் பல குரல்கள் சிரித்தன. ஊரே அங்கேதான் பதுங்கியிருந்தது. தேசங்கா இடுப்பில் கைவைத்து வந்தாள்.

"அது வெறும் மசோதாதானே, இன்னும் சட்டமாகலையே! கறி ஆறுது, வந்து தொலைங்க!"

பொழுது சாய்வதற்குள் பன்றியில் எலும்புதான் மிச்சம்.

மறுநாளே விதோமிர் தலைநகருக்கு மனுப் போட்டார்: மிக்கேல் நாளுக்கு மட்டும் விலக்கு வேண்டும். அங்கே மசோதாவை ஆராயும் குழுவின் தலைவருக்கு ஸ்லாவா நிக்கோலாஸ் நாள், அவர் அதையும் விலக்கில் சேர்த்தார். குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு புனிதர் இருந்தார். இப்போது பதினேழாம் பிரிவு செல்லுபடியாகும் நாளைக் காலண்டரில் வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

"இவ்வளவு தளர்வா எழுதினா நாடு எங்க உருப்படும்?" என்று விதோமிர் காப்பிக்கடை மேசையில் குத்துகிறார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் விலக்கு என்று நான் சொன்னதும் உங்கள் மனசில் ஒரு தேதி ஓடியதே, அதை மட்டும் என் காதில் சொல்லிவிட்டுப் போங்கள்.