மிதக்கும் மின் நிலையம் எண் ஒன்று

என் பாய்மரப் படகில் இரண்டு சோலார் பலகைகளும் ஒரு காற்றாடியும் உண்டு. அவை தரும் மின்சாரத்தில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ ஓடும். இதனால் அரசாங்கத்துக்குத் தலைவலி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெழுகுவத்தியோடு நிறுத்திக்கொண்டிருப்பேன்.

அக்கரையில் மகளுக்குத் தலைப்பிரசவம். சாதகமான காற்று இன்னும் பன்னிரண்டு நாள்தான். அப்புறம் எதிர்க்காற்று, ஐந்து மாதத்துக்குப் படகை அசைக்க முடியாது. ஆகவே நானும் மனைவியும் புறப்பட அனுமதி கேட்டுத் துறைமுக அலுவலகத்துக்குப் போனோம். அங்கே பசுமை வாரம் நடந்துகொண்டிருந்தது. எல்லோர் சட்டையிலும் ஒரு பிளாஸ்டிக் இலை. 'இயற்கை எரிசக்தியை வரவேற்போம்' என்று சுவரில் பெரிய தட்டி. அதைச் சுற்றிப் பட்டப்பகலில் பதினாறு பல்பு.

கண்காணிப்பாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மின்சாரம் தயாரிக்கிறீங்களா?"

"ஆமா சார். சொந்த உபயோகத்துக்கு."

"அப்ப இது படகு இல்ல, மின் நிலையம். மின் நிலையம் எப்படி சார் ஊர் விட்டு ஊர் போகும்?"

"பாய் விரிச்சா போகும் சார்."

"கிண்டலா?"

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு அவளே பணிவாகக் கேட்டாள்: "பலகையைப் போர்வை போட்டு மூடிடறோம், காற்றாடியைக் கட்டிப்போட்டுடறோம். அப்ப வெறும் படகுதானே சார்?"

"படகுதாம்மா. ஆனா விளக்கு எரியாதே. விளக்கில்லாத படகைக் கடலுக்கு விட்டா என் வேலை போயிடும்."

"டீசல் மெஷின் வெச்சுக்கறோம்."

அவர் சட்டை இலையைத் தொட்டுக் காட்டினார். "பசுமை வாரத்துலயா?"

ஆக, மின் நிலையமாகப் பதிவுசெய்துகொள்வது ஒன்றே வழி. விதிப்புத்தகம் வந்தது. முதல் விதி, ஆறடி உயரச் சுற்றுச்சுவர். நான் பழைய இரும்புக் கடையில் நின்று வளர்ந்தவன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஆறடிச் சுவர் கட்டினா படகு முழுகிடும் சார். ஒரு அடி."

"நாலடி."

"சுத்திக் கயிறு கட்டறேன். சுவர்னு எழுதிக்குங்க."

"தடிமனான கயிறா இருக்கணும்" என்றார். எழுதிக்கொண்டார். "அடுத்தது, ஊழியர் எட்டுப் பேர்."

"ஒருத்தர்."

"அஞ்சு."

"நானும் இவளும், ரெண்டு. அதுக்கு மேல ஒரு ஆள்னாலும் நான் கிளம்பறேன்." கிளம்பியும் நின்றேன்.

"அட, உக்காருங்க சார்" என்றார். நான் நிலையத் தலைவர் ஆனேன். மனைவி நிலைய ஊழியர் ஆனாள்.

நிலையம் நகர்வதற்கு யார் அனுமதி தருவது என்பதில் ஆறு நாள் போனது. துறைமுகம் மின்துறையைக் காட்டியது. மின்துறை துறைமுகத்தைக் காட்டியது. ஏழாம் நாள் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். "உங்க ரெண்டு பேருக்கும் பொறுப்பு வேணாம்னா எங்கிட்டக் குடுங்கய்யா!"

இப்படி ஒரு ஆளைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அன்றே ஆணை பிறந்தது: 'மேற்படி மிதக்கும் மின் நிலையம் எண் ஒன்று, அதன் தலைவர் திருப்தியடையும் பட்சத்தில் இடம்பெயரலாம்.' கூடவே ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி.

காற்று இன்னும் நாலு நாள் இருந்தது. மனைவி ஓடிப்போய்க் கரைக்கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"இரு. விண்ணப்பம் எங்கே?" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தொண்டை வற்றப் பேரம் பேசி வாங்கிய அதிகாரம். கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு என்ன மதிப்பு?

"விளையாடாதீங்க. அங்க அவளுக்கு வலி எடுத்துட்டா?"

"அதையும் எழுது. காரணம்ங்கற கட்டத்துல."

எழுதிக் கொடுத்தாள். பிரதி இல்லை. பிரதி எடுத்து வந்தாள். அது என் சாப்பாட்டு நேரம். மறுநாள், இரண்டு ஊழியரும் ஒரே சமயத்தில் வெளியூர் போனால் நிலையத்தை யார் பார்ப்பது என்று எனக்கு நியாயமான ஐயம் எழுந்தது. விளக்கம் கேட்டேன்.

"நிலையமும் நம்ம கூடத்தானே வருது, மனுஷா!" என்று கத்தினாள்.

எழுத்து மூலம் தரச் சொன்னேன்.

அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு பயணிகள் கப்பலில் ஏறிவிட்டாள். விடுப்புக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. அந்த நடவடிக்கையைக் கோப்பில் குறித்து முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது.

நேற்று மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெண் குழந்தையாம். பின்னால் அது அழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க எப்பப்பா வருவீங்க?"

மேசையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில், எனக்கு நானே எழுதியது. தேதி போடாமல் விட்டிருந்தது.

"பரிசீலனைல இருக்கும்மா" என்றேன். "அடுத்த வாரம் விசாரி."