மூன்றாம் தரம்

"மிஸ்ஸி..."

வேலிக்கு வெளியே மருத்துவிச்சியைக் கூப்பிடுகிற ஒரு பெண்குரல். குசினிக்குள் சொதியைத் துழாவிக்கொண்டிருந்த பத்மாசனி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஸ்ஸி..."

"ரெண்டு," என்று தாய் நாகேஸ்வரி விரலை மடக்கினாள். "வாய் திறந்திடாதை பிள்ளை."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தார்கள். உச்சி வெயில். ஒரு காகம்கூடக் கரையவில்லை. பூவரச மரங்களுக்கு அப்பால் கடல் மட்டும் யாரோ பெருமூச்சு விடுவதுபோல வந்து வந்து போனது. மூன்றாவது குரல் வரவேயில்லை. சொதி திரைந்துபோயிற்று.

"பாத்தியே? பேய்தான், அது ரெண்டோடை நிண்டிடும். மனுசரெண்டால் மூண்டாந்தரம் கூப்பிட வாய் நோகுமே?"

"நேத்தும் இப்பிடித்தானே அம்மா. அது வேறை குரல்."

"இந்த ஊரிலை ஒரு பேய்தான் இருக்கெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

பேய்க்குப் பயந்துதான் பத்மாசனி இந்தப் பூவரசந்துறைக்கே வந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. உதவித் தாதியாக இருந்தவளுக்கு மேலே படிக்க இரண்டு வழி கிடந்தது. ஒன்று, கொழும்புக்குப் போய்ப் பெரிய தாதியாவது. தலையில் வெள்ளைத் தொப்பி வரும். கூடவே செத்தவர்களைத் துடைத்துக் கட்டிப் பிரேத அறைக்கு அனுப்புகிற வேலையும் வரும். மற்றது மருத்துவிச்சிப் படிப்பு. சாகிற இடத்தில்தானே பேய் நிற்கும், பிறக்கிற இடத்தில் அதற்கென்ன அலுவல் என்று கணக்குப் போட்டு, "எனக்கு மருத்துவிச்சி வேலைதான் விருப்பம் ஐயா" என்று ஆசுபத்திரிக்குப் பொறுப்பான அப்போதிக்கரி நடராசாவிடம் சொல்லிவிட்டாள்.

"விருப்பம் காணாது பிள்ளை. பூவரசந்துறை மருத்துவிச்சி லீவிலை போறா. அந்த இடத்துக்குப் போய் ஒரு பிள்ளைப்பேறாவது தனிய நிண்டு பாரும். பிறகு சிபார்சு எழுதுறன்," என்றார் அவர்.

குமர்ப்பிள்ளையைத் தனியே விடலாமா? ஒட்டுசுட்டானில் விளைந்த வயலை மனுசனிடம் விட்டுவிட்டு நாகேஸ்வரியும் கூடவே வந்து சேர்ந்தாள். வந்த நாள் தொடங்கி உச்சிப்பொழுதில் இந்தக் குரல்கள்தான். இரண்டுதரம் கூப்பிடும், நின்றுவிடும்.

"இதுக்கு நான் வழி பண்ணுறன்," என்று நாகேஸ்வரி வேலிப் படலையில் வேப்பிலைக் கொத்தை ஆளுயரத்துக்குக் கட்டினாள்.

குரல் நின்றது. ஆனால் மற்றதெல்லாமும் நின்றது. மீன்காரி வரவில்லை. தண்ணீருக்குப் போகிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒழுங்கையின் மற்றக் கரையால் ஓடினார்கள். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் படலையடியில் ஒரு குலை இளநீர். வைத்த ஆளைக் காணவில்லை. மணலில் காலடிகூட இல்லை.

"ஐயோ அம்மா, பேய் எங்களுக்குச் சாமான் கொண்டுவந்து தருகுது!"

"தொடாதை! குடிச்சியோ, அதின்ரை ஆளாகிடுவாய்."

அன்று பின்னேரம் அப்போதிக்கரி சைக்கிளில் வந்து, படலைக்கு நல்ல தூரத்தில் கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"பத்மாசனி! உங்கை அம்மாள் வந்திருக்கிறாவாமே? மெய்யோ?"

"ஓம் ஐயா. நான் வந்த அண்டைக்கே வந்திட்டா."

"அண்டைக்கேயோ! ஏன் எனக்குச் சொல்லேல்லை? மேலெல்லாம் போட்டிருக்கோ?"

"என்னத்தை ஐயா? ஒரு சங்கிலிதான் போட்டிருக்கிறா."

"விசர்க்கதை கதையாதையும்! அம்மாள் இப்ப எங்கை?"

"குசினிக்குள்ளை தேங்காய் துருவுறா."

அப்போதிக்கரி லேஞ்சியை மெள்ள இறக்கினார். படலையைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். சங்கதி விளங்கியதும் அவருடைய முகம் கறுத்தது.

"வேப்பிலையைக் கட்டிவிட்டால் சனம் அம்மை நோயெண்டு நினைக்காமல் வேறை என்னத்தை நினைக்கும்? அதுக்கு முன்னமும் நீர் கூப்பிட்ட இடத்துக்குப் போகேல்லையாம். பிள்ளையளெல்லாம் தங்கடை பாட்டிலை பிறக்குதுகள்!"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை ஐயா. கூப்பிட்டதெல்லாம்..." பத்மாசனி குரலைத் தாழ்த்தினாள். "மனுசரில்லை."

"ஓகோ. அப்ப நான் ஆர்?"

உள்ளேயிருந்து நாகேஸ்வரி சொன்னாள்: "ஐயா ஒருதரந்தானே கூப்பிட்டவர். கவனமாக் கதை பிள்ளை."

"வாற ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் தவணை," என்று அப்போதிக்கரி சைக்கிளைத் திருப்பினார். "அதுக்குள்ளை ஒரு பிள்ளைப்பேறு பாக்காட்டில் கொழும்புக்குத்தான் பயணம். பிரேத அறைப் பக்கமா விடச்சொல்லி நானே எழுதுவன்."

வேப்பிலை அவிழ்ந்தது. ஆனாலும் குரல் வரவில்லை. பத்மாசனி படலையடியிலேயே குந்தியிருந்து, பேயாவது வந்து கூப்பிடாதா என்று ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறும் வந்தது. அடுத்த ஊர்க் கோயிலில் பெருநாள் என்று ஊர்ச்சனம் முழுக்க விடியவே வள்ளங்களில் போய்விட்டது. உச்சிப்பொழுதில் ஒழுங்கைகள் வெறிச்சென்று கிடந்தன. பத்மாசனி அழுதழுது பெட்டியில் உடுப்பை அடுக்கினாள்.

"மிஸ்ஸி."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மிஸ்ஸி."

நாகேஸ்வரி இரண்டாம் விரலை மடக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கடல்கூட ஒரு கணம் அடங்கினதுபோல இருந்தது.

"மிஸ்ஸி."

"மனுசர்! எடி பிள்ளை, மனுசர்!" நாகேஸ்வரி தானே ஓடிப்போய் மருந்துப் பையை எடுத்துக் கொடுத்தாள். "ஓடடி!"

படலையைத் திறந்தபோது, பூப்போட்ட சீத்தைச் சேலை உடுத்த ஒரு கிழவி ஒழுங்கையில் முன்னே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"மெள்ள நடவுங்கோ அம்மா! ஆரின்ரை வீடு?"

கிழவி திரும்பவில்லை. மணல் நெருப்பாகச் சுட்டது. செருப்புப் போட்ட பத்மாசனியே துள்ளித் துள்ளி நடந்தாள். வெறுங்காலோடு போன கிழவிக்குச் சூடு தெரிந்ததாகவே இல்லை. கடற்கரைச் சனத்தின் கால் அப்படித்தான் என்று பத்மாசனி நினைத்தாள். நிழலில் கிடந்த நாய்கள் எழுந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தன. அரசாங்க உடுப்புக்கு நாயும் மரியாதை தருகுது என்று அவளுக்குப் பெருமையும் புளுகமும்.

கடைசி வீட்டு வேலியடியில் கிழவி நின்று கையைக் காட்டினாள். பத்மாசனி உள்ளே பாய்ந்தாள்.

அந்த வீட்டுக்கார இன்னாசித்தம்பியின் மனைவி சுசிலா பாயில் கிடந்து துடித்தாள். பக்கத்தில் அவளுடைய மச்சாள் ஜோசப்பின் செய்வதறியாமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலை வந்துவிட்டது. கழுத்தைத் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. பத்மாசனிக்குப் பேய், பிரேத அறை, அப்போதிக்கரி எல்லாம் மறந்துபோயிற்று. விரலை விட்டுக் கொடியை நெகிழ்த்தித் தலைக்கு மேலால் எடுத்தாள். நீலம் பாரித்திருந்த பிள்ளையை வாய் துடைத்து, முதுகைத் தேய்த்து, காலைச் சுண்டி...

வீரிட்டு அழுதது. பொம்பிளைப்பிள்ளை.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிராது," என்றாள் பத்மாசனி.

"மாதாவே! எப்பிடி மிஸ்ஸி சரியா இந்த நேரம் பாத்து வந்தனீங்கள்? ஊரிலை ஒரு குஞ்சு குருமன் இல்லை, அனுப்பிறதுக்கு. இவளை விட்டிட்டு என்னாலை வரவும் ஏலாமல் போச்சு."

"ஏன், அந்த அம்மா வந்து கூப்பிட்டவாதானே? வேலியடியிலை நிக்கிறா, பாவம், அவவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ. இவ்வளவு நாளும் ஆர் ஆரோ வந்து ரெண்டுதரம் கூப்பிட்டு என்னை ஏமாத்திப்போட்டுதுகள். இவதான் மனுசத்தன்மையா மூண்டுதரம் கூப்பிட்டவா."

கையிலிருந்த சுடுதண்ணீர்ச் சட்டியை ஜோசப்பின் மெள்ள நிலத்தில் வைத்தாள்.

"மிஸ்ஸி, எங்கடை ஊரிலை உயிரோடை இருக்கிறவை ரெண்டுதரத்துக்கு மேலை கூப்பிடமாட்டினம்."