உள்பக்கம் வெளியே போட்ட நாற்காலி

சேசு மரி சூசை துணை

சத்துவாச்சாரி,
14-10-2004

அன்புள்ள ஜோனதனுக்கு,

உன் அத்தை ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம். நீயும் ஜெனிஃபாவும் குழந்தையும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் நினைத்துக்கொள்வேன். நேற்று மட்டும் நினைக்கவில்லை. காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் "லைன் சரியில்ல அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படி.

உங்கள் ஆம்பூர் கம்பெனிக்கு நாற்காலி வடிவமைக்க ஒருவர் வருகிறார், பெயர் தோமாஷ், நம் தாமஸ்தான், போப்பாண்டவர் பிறந்த போலந்துக்காரர், மூன்று மாதம் மாடியறை கொடுங்கள் என்று கேட்டாய். போப்பாண்டவருக்காகக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு ஞாயிறு கூடப் பூசைக்கு வரவில்லை. பொறுத்தேன். என் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களைப் படம் பிடித்தார். பொறுத்தேன். ரங்கம்மாள் காய் நறுக்க உட்காரும் மணைப்பலகையை "நேர்மையான பொருள்" என்று பாராட்டிவிட்டு, நாற்பது வருடமாக நானே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் ரோஸ்வுட் சோபாவைப் பார்த்து "இது பொய் சொல்கிறது" என்றார். அன்றைக்கே அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

போன வாரம், இடம் கொடுத்ததற்கு நன்றியாம், தான் செய்த நாற்காலி ஒன்றை டெம்போவில் அனுப்பிவைத்தார். இரும்புக் குழாயை வளைத்து அதில் தோலைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருக்கிறது. அந்தத் தோலாவது ஒழுங்காக இருக்கிறதா? வழவழப்பான மேல்பக்கம் அடியில், சொரசொரவென்ற உள்பக்கம் வெளியில். ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது. இறக்கி வைக்க வந்தவர் அதைத் தைத்த கன்னியப்பன். இருபது வருடம் தோல் தைத்த மனிதர், என் முகத்தைப் பார்க்கவே கூசினார். "நான் ஒழுங்காத்தாம்மா தச்சேன். பிரிச்சுத் திருப்பிப் போடுன்னுட்டாரு. யாராச்சும் கேட்டா என் பேரைச் சொல்லிடாதீங்க" என்றார்.

நேற்று நம் வீட்டில் ஜெபமாலைக் கூட்டம். பங்குச் சாமியார் வேறு எங்கும் உட்காராமல் நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து தேவ இரகசியங்களும் முடிந்தன. முடிவுப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம், சாமியாரால் எழ முடியவில்லை. அந்தத் தோல் ஆளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. பாட்டு முடியும்வரை அப்படியே கிடந்து ஆசீர்வாதம் கொடுத்தார். பிறகு இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு ஒருவரும் என் கேக்கைப் பற்றிப் பேசவில்லை, நாற்காலியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதுகூடப் பெரிதில்லை. இன்று காலை பக்கத்து வீட்டு ஹலீமா பீ பார்க்க வந்தாள். பிறந்த வீட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர்கள், தரம் பிரிப்பவர்களின் குறியெல்லாம் அவளுக்கு அத்துப்படி, தோலைப் பார்த்தால் அவளுக்குச் சும்மா இருக்க முடியாது. முதுகு சாய்கிற இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அடியில் இரண்டு எழுத்து. அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது உங்க ஊட்டுக்காரர் கையாச்சே. அவரு ரிஜெக்ட் பண்ண தோல்லயா சாமியாரை உக்கார வச்சீங்க?" என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஜோனதன், உன் மாமா அந்தக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தோல் தரம் பிரித்தவர். அவர் நல்லதென்று சொன்ன ஒரு தோல்கூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. வீட்டு விஷயத்தில் அவருக்கு ஞாபகமே கிடையாது என்பது வேறு. தொண்ணூற்றொன்றில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வரும்படி நான் சொல்லியும், வெறுங்கையோடு வந்து நின்று, "நீ சொல்லவே இல்ல" என்று சாகும்வரை சாதித்தார். ஆனால் தோலில் அவர் தவறியதில்லை. அவர் வேண்டாம் என்று தள்ளியதைக் கிடங்கின் மூலையிலிருந்து தோண்டியெடுத்து, மறைக்க வேண்டிய பக்கத்தை வெளியே காட்டி, அவர் கையெழுத்தோடு ஜனவரியில் ஐரோப்பாவில் கண்காட்சிக்கு வைக்கப் போகிறாராம் உங்கள் தாமஸ். இதையே கொண்டுபோய் வைப்பாராம், எனக்கு வேறு செய்து தருவாராம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இதைத் தேர்ந்தெடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றல்லவா? ஐந்து வருடமாகக் கல்லறையில் இருப்பவர் வந்து "நான் தள்ளினது" என்று சொல்ல முடியுமா? நான்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் டெம்போ அனுப்பி இதை எடுத்துப் போ. அந்தக் குறி இருக்கிற தோல் எதுவும் கப்பலேறக் கூடாது. தாமஸுக்கு ஓட்டலில் அறை பார். இது உன் மாமாவின் பெயர். எனக்கு அவர் விட்டுப்போனதில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

குழந்தைக்கு என் முத்தம். ஜெனிஃபாவிடம் இரத்தச் சோகை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல். தேவமாதா உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை,
பிரிசில்லா

பின்குறிப்பு: டெம்போ அனுப்பாதே. திருப்பிப் போட்டதில் ஓரத் தையல் கோணியிருந்தது. கோணல் தையலோடு எதையும் இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பிப் பழக்கமில்லை என்பதால், குழாயைச் சுற்றி மடித்திருந்த ஓரத்தைச் சரியாகத் தைக்கலாம் என்று பிரித்தேன். மடிப்புக்குள் அதே நீலப் பென்சிலில் உன் மாமாவின் கை: "23-12-91. ஆற்காடு. மக்கன் பேடா அரை கிலோ. மறந்தால் தொலைந்தேன்." துண்டுச்சீட்டு கிடைக்காமல் கையிலிருந்த தோலில் குறித்துக்கொண்டு, அந்தத் தோலைக் கிடங்குக்கு அனுப்பியிருக்கிறார். நான் சொன்னேன் என்பதற்கு இதோ அவர் கையாலேயே சாட்சி. ஹலீமா பீயையும் ரங்கம்மாளையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டியாயிற்று. நாற்காலி ஐரோப்பாவுக்கும் போகாது, ஆம்பூருக்கும் போகாது. தாமஸ் மாடியிலேயே இருக்கட்டும். அந்தக் கிடங்கில் எண்பத்தேழாம் வருடத்துத் தோல் மீதி இருக்கிறதா என்று விசாரி. அந்த வருடத்துக் குடை விஷயம் ஒன்றும் எங்களுக்குள் இன்னும் தீராமல் இருக்கிறது.